இருபத்தேழு ஓட்டு

ஏழாம் வகுப்பில் நான் ஒரு தேர்தலில் தோற்றேன். தோற்ற பத்தாவது நிமிடம் பதவி ஏற்றேன்.

சோழர் பாடத்தில் குடவோலை முறை வந்தது. வெறுமனே பாடம் எடுத்தால் மண்டையில் ஏறாது, நடத்தியே பார்த்துவிடலாம் என்று வரலாறு சார் வகுப்பு லீடருக்குத் தேர்தல் வைத்தார். ரஃப் நோட்டைக் கிழித்துச் சீட்டு. சத்துணவுக் கூடத்தில் வாங்கி வந்த அலுமினியப் பாத்திரம்தான் குடம். நின்றது இரண்டு பேர். முதல் ரேங்க் வாங்கும் நான், கடைசி பெஞ்சில் உட்காரும் என் பக்கத்துத் தெரு நண்பன். வகுப்பைச் சிரிக்க வைப்பான். யாராவது கீழே விழுந்தால் முதலில் ஓடுவதும் அவன்தான். மொத்தம் 46 சீட்டு. அவனுக்கு 27, எனக்கு 19.

சார் கரும்பலகையில் இருந்த எண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, எலெக்‌ஷன்னா எப்படி நடக்கும்னு புரிஞ்சுதா? இது சும்மா மாதிரிக்குத்தான்" என்றார். என்னைக் கூப்பிட்டு சாக்பீஸைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். பேசியவர்கள் பட்டியலில் நான் எழுதிய முதல் பெயர் அவனுடையது.

இப்போது நான் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். எதையும் முதலில் டெஸ்ட் சர்வரில் ஓட்டிப் பார்ப்போம். அங்கே போடும் ஆர்டர் யார் வீட்டுக்கும் போகாது, பணம் யார் கணக்கிலும் குறையாது. அதில் பொய் எதுவும் கிடையாது, ஏனென்றால் அது டெஸ்ட் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, பிடித்தால் நிஜம், பிடிக்காவிட்டால் டெஸ்ட் என்று யாரும் சொல்வதில்லை. சார் அதைத்தான் சொன்னார். அந்த 27 எனக்கு விழுந்திருந்தால் அது மாதிரித் தேர்தலாக இருந்திருக்காது.

சார் நடத்திய பாடத்திலேயே இது இருக்கிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தவை. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. சரியாகச் சொன்னால் குடவோலை ஓட்டு முறையே அல்ல, குலுக்கல். நிலம், வீடு, வேதப் படிப்பு உள்ளவர்கள் மட்டும் வரக்கூடிய சபை வேறு. அதனால் நான் அதைக் கொண்டாடவில்லை. ஆனால் யார் நிற்கலாம், கணக்குக் காட்டாதவர் ஏன் நிற்கக் கூடாது என்பதெல்லாம் கல்லில் வெட்டி, எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கப்பட்டிருந்தது. பெயர் எழுதிய ஓலை வெளியே வந்த பிறகு விதியை மாற்ற வழியில்லை.

நிஜத் தேர்தலுக்குள்ளும் ஒரு மாதிரித் தேர்தல் உண்டு. வாக்குப்பதிவு நாள் காலையில், கட்சி ஏஜெண்டுகள் முன்னிலையில், குறைந்தது 50 ஓட்டு போட்டுப் பார்ப்பார்கள். நோட்டா பொத்தானையும் விடுவதில்லை. இயந்திரம் காட்டும் எண்ணிக்கையை விவிபேட் சீட்டுகளோடு ஒப்பிடுவார்கள். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அழித்ததற்குச் சான்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். அழியப்போகிற ஓட்டுக்கே இவ்வளவு மரியாதை!

2018 முதல் தேர்தல் ஆணையம் பள்ளிகளில் தேர்தல் எழுத்தறிவு மன்றங்களை நடத்துகிறது. மாதிரி வாக்குப்பதிவும் உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் மை வைப்பதையும் பொத்தான் அமுக்குவதையும் பதினெட்டு வயதில் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். பிடிக்காத முடிவோடு ஒரு வருஷம் வாழ்வதைப் பழகத்தான் காலம் பிடிக்கிறது. தோற்ற பையன் அதைப் பழக வேண்டும். அவனுக்கு முன்னால் வாத்தியார் பழக வேண்டும்.

சார் பக்கமும் நியாயம் உண்டு. 46 பசங்களை மேய்ப்பது லேசுப்பட்ட வேலையா? எல்லாவற்றையும் பிள்ளைகளிடம் விட முடியாது. அப்படியென்றால் லீடரை நேரடியாக நியமித்திருக்கலாம். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. விட்டுக்கொடுக்க முடிந்ததை மட்டும் ஓட்டுக்கு விட்டிருக்கலாம். விளையாட்டு பீரியடில் கபடியா கிரிக்கெட்டா என்பது சின்ன விஷயம்தான். ஆனால் அந்த முடிவு நின்றிருந்தால், கையில் இருப்பது வெறும் காகிதம் இல்லை என்று 46 பேருக்கும் தெரிந்திருக்கும்.

சாரைக் குறை சொல்வது எனக்கு வசதி. சாக்பீஸ் என் கையில்தான் இருந்தது. பன்னிரண்டு வயதுப் பையன் என்ன செய்வான் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டதுண்டு. ஆனால் இன்றும் ஆபீஸில் எல்லோரிடமும் கருத்துக் கேட்டுவிட்டு, முன்பே எடுத்த முடிவை அறிவிக்கும்போது, அந்த முடிவு எனக்குச் சாதகமாக இருந்தால் நான் வாய் திறப்பதில்லை. அந்தப் பாடத்தை நான் நன்றாகவே படித்திருக்கிறேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவனுடைய டூவீலர் மெக்கானிக் கடைக்குப் போனேன். "வாங்க லீடர்" என்றான். டீ சொன்னான். "இருபத்தேழு ஓட்டுடா" என்று அவனே ஆரம்பித்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டான்: "அன்னைக்கு நீ வேணாம்னு சொல்லியிருந்தா சார் என்னடா பண்ணியிருப்பாரு?"

தெரியவில்லை. சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.