எட்ட நின்று எடுக்கும் படம்

வெள்ளிமலைப் பேருந்து கள்ளக்குறிச்சிக்கு வந்து நின்றதும் கல்வராயன் மலைக்காரர்கள் முதலில் மூட்டைகளைத்தான் இறக்குவார்கள். சாமை, புளி, கடுக்காய். எதிரே தூணோரம் நின்று தொலை லென்ஸை 200 மி.மீட்டருக்குத் திருப்புகிறேன். குறுக்கே போகும் ஆட்டோவும் டீக்கடை ஆவியும் மங்கிப்போய், ஒரு அம்மாளின் உள்ளங்கை மட்டும் துலங்குகிறது. கயிறு அழுத்தி வெளுத்த தடத்தில் மெல்ல ரத்தம் ஏறிச் சிவக்கிறது. பக்கத்தில் போயிருந்தால் அந்தக் கை முந்தானையைச் சரிசெய்யப் போயிருக்கும்.

*

நீள லென்ஸ் முகத்தோடு சேர்த்துக் கை நடுக்கத்தையும் பெரிதாக்கும். 200 மி.மீட்டருக்கு ஷட்டர் வேகம் நொடியில் 200இல் ஒரு பங்குக்குக் கீழே போகக்கூடாது என்பது பழைய கணக்கு. மூச்சை விட்டு, விட்ட இடத்தில் நிறுத்தி, அழுத்த வேண்டும். மனசு பதறினால் படமும் பதறும்.

*

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறையில் ஒரு சிற்பி கீழுதட்டைக் கடித்தபடி அம்மன் முகத்தில் இமை செதுக்குகிறார். சுருள் சுருளாகச் சீவல் மடியில் விழுகிறது. வேலையில் மூழ்கியவரின் முகத்தைக் கேட்டு வாங்க முடியாது. கேட்ட கணமே அது போய்விடும். அந்த முகத்துக்காகத்தான் எட்ட நிற்கிறேன்.

*

புகைப்படக் கலைஞர் பிலிப்-லோர்கா டிகோர்சியா 1999 முதல் 2001 வரை நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் வழிப்போக்கர்களை அவர்கள் அறியாமலே நீள லென்ஸில் எடுத்தார். தம் படத்தைக் காட்சிக்கு வைத்தது தம் சமய நம்பிக்கைக்கு விரோதம் என்று ஒரு பெரியவர் வழக்குப் போட்டார். அது கலைதான் என்று 2006இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அந்தப் பெரியவரின் மனக்குறைக்குத் தீர்ப்பில் பதில் இல்லை.

*

கேட்காமல் எடுத்து ஊருக்கெல்லாம் காட்டலாமா என்ற அந்தக் கேள்வி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. உளுந்தூர்பேட்டை வட்டம் கூவாகத்தில், சித்திரைத் திருவிழாவில், கூத்தாண்டவரான அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கைகள் மறுநாள் அரவான் களப்பலியானதும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப்புடவை உடுத்தி ஒப்பாரி வைப்பார்கள். சுற்றிலும் லென்ஸ்கள். ஊரறிய அழுகிறவர், உலகமெல்லாம் தன் அழுகையைப் பரப்பச் சம்மதித்தவர் ஆகமாட்டார். வீட்டுக்குத் தெரியாமல் வந்தவருக்கு ஒரே ஒரு படம் போதும், வாழ்க்கை குலைந்துபோக. அங்கே கேமரா கழுத்தில் தொங்கட்டும். கண்ணால் பார்த்தால் போதும்.

*

படம் எடுத்ததும் எதிர்ப்பக்கம் போய், மூட்டை இறக்கிய அம்மாளிடம் திரையைக் காட்டினேன். “கையப் போயி எடுத்திருக்கியே சாமி” என்று சிரித்தார். பிறகு, “இருக்கட்டும்” என்றார். வேண்டாம் என்றிருந்தால் அங்கேயே அழித்திருப்பேன்.

தொலை லென்ஸ் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: எட்ட நின்று எடுங்கள், தப்பில்லை. எடுத்த பிறகு அந்தத் தூரத்தை நடந்து கடந்து, படத்தை உரியவரிடம் காட்டுங்கள். வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று அவர் சொல்லட்டும்.