விளிம்புக்குக் கீழே ஒரு மணி இடம்

திக்சே மடாலத்தில் அந்த இளம் துறவி, ஏழாவது கிண்ணத்தில் ஊற்றிய தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்பக் கெண்டிக்குள் சாய்த்துக்கொண்டார். நடந்தது அவ்வளவுதான். மதுரை வெயிலுக்கு உடம்பு பழகி, வேலைக்கும் திரும்பியாயிற்று. அது மட்டும் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

லடாக் பயணத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்ததுதான். லே ஊர் 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. போன புதிதில் மூச்சு வாங்கும், தலை கனக்கும், மாடிப்படி ஏறவே யோசிக்க வேண்டும். அங்கிருந்து சுமார் 19 கிலோமீட்டரில் திக்சே. குன்றின் சரிவில் அடுக்கடுக்காக வெள்ளைக் கட்டடங்கள், உள்ளே ஏறக்குறைய 15 மீட்டர் உயரத்தில் மைத்ரேய புத்தர். வருகிறவர்கள் அவரைத்தான் பார்க்க வருகிறார்கள்.

நான் பார்த்துக்கொண்டு நின்றது கிண்ணங்களை. சுவாமிக்கு முன்னால் பித்தளைக் கிண்ணங்கள் ஏழு, ஒரே வரிசையில். இரண்டு கிண்ணங்களுக்கு நடுவே ஒரு பார்லி மணி அளவுதான் இடைவெளி. தண்ணீரும் விளிம்புக்கு ஒரு மணி அளவு கீழே நிற்க வேண்டும். வழிந்தாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு என்றார் எங்களைக் கூட்டிப்போன வண்டி ஓட்டுநர். ஏழாவது கிண்ணம் வழியவில்லை. துளி கூடுதலாக இருந்திருக்கலாம், அவ்வளவுதான். அந்தத் துறவி குனிந்து, கண்ணைக் கிண்ணத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார். கொஞ்சம் சாய்த்தார். மறுபடி குனிந்து பார்த்தார். சாயங்காலம் ஏழையும் கொட்டிவிட்டு, துடைத்துக் கவிழ்த்துவிடுவார்கள். மறுநாள் காலையில் முதலிலிருந்து.

ஏன் தண்ணீர்? அது யாரிடமும் இருப்பது. அதைக் கொடுக்கும்போது ஏழைக்கும் பணக்காரனுக்கும் மனசு சுருங்காது, அதனால்தான் என்று விளக்கம் சொல்கிறார்கள். தஞ்சாவூரில் உட்கார்ந்து கேட்டால் சரி என்றிருப்பேன். லேயில் ஒரு வருஷத்து மழையே சுமார் 100 மில்லிமீட்டர். வறண்ட பூமி என்று நாம் அலுத்துக்கொள்ளும் மதுரைக்கு அதைப்போல எட்டு மடங்கு பெய்கிறது. அங்கே விளையும் ஒவ்வொரு பார்லிக் கதிரும் பனி உருகி வரும் ஓடையை நம்பியது. விதைக்கிற நேரத்தில் அந்த ஓடையிலும் தண்ணீர் போதாது. அதனால்தான் செவாங் நோர்பெல் என்ற பொறியாளர் குளிர்காலத்து நீரை மறித்து உறையவிட்டுச் செயற்கைப் பனிப்பாறைகள் கட்டினார். பின்னால் சோனம் வாங்சுக் அதே நீரைக் கூம்பாக உறையவைத்துப் பனி ஸ்தூபி என்றார். அப்படிப்பட்ட ஊரில் தண்ணீரை எப்படி மனசு சுருங்காமல் கொடுப்பது? அந்த ஒரு மணி இடம் அந்தச் சுருக்கம்தானோ என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்ததும் அப்பத்தா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பத்தாவுக்கு மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். பெரியாற்றுத் தண்ணீர் கடைசியாக எட்டிப்பார்க்கிற ஒருபோகப் பூமி. வாசலில் யார் வந்து கேட்டாலும் படியைத் தலைதட்டி அளக்கமாட்டாள். கோபுரமாகக் குவித்துத்தான் போடுவாள். நெல் படியின் விளிம்பில் சரிந்து முறத்தில் விழும், அதையும் சேர்த்துக் கொடுத்துவிடுவாள். தலைதட்டி அளக்கிற வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்பது அவள் கட்சி. மார்கழி அஷ்டமி சப்பரத்தன்று மதுரைக்குக் கூட்டி வருவாள். சொக்கநாதர் எல்லா ஜீவனுக்கும் படியளக்கிற நாள் அது. வெளிவீதிகளில் சப்பரம் போகும், தெருவில் அரிசியை இறைத்துக்கொண்டே போவார்கள். குனிந்து பொறுக்கி முந்தானையில் முடிந்துகொள்வாள். அங்கேயும் அளவு கிடையாது.

அதே அப்பத்தா வயலில் வேறு ஆள். கண்மாயில் தண்ணீர் குறைந்த வருஷம் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். நீர்க்கட்டி வந்து மடையைத் திறந்துவிடுவார். நேரம் முடிந்ததும் மண்ணையும் வைக்கோலையும் அப்பி அடைப்பார். பக்கத்து வயல்காரர் இன்னும் கொஞ்சம் விடச் சொன்னால் அப்பத்தா வரப்பில் நின்று சத்தம் போடுவாள். தன் முறை முடிந்தால் ஒரு நிமிஷம் கூடுதலாக வாங்கவும் மாட்டாள். லடாக்கிலும் கிராமத்துக்கு ஒருவர் இப்படி ஓடைத் தண்ணீரை முறைவைத்துப் பிரித்துவிடுகிறார், சுர்பன் என்று பெயர். நம் நீர்க்கட்டியின் வேலையேதான்.

நெல் அவளுடையது, அதைக் குவித்துப் போட்டாள். தண்ணீர் ஊருடையது, அதை அளந்தாள். இதைக் கருமித்தனம் என்று யாராலும் சொல்ல முடியாது. கிண்ணத்து விளிம்பில் விட்ட இடத்தையும் இப்படித்தான் புரிந்துகொள்ளப் பார்க்கிறேன்.

ஆனால் கல்லூரியில் படித்த மணிமேகலை இடையில் வந்து குழப்புகிறது. எழுதிய சாத்தனார் நம் மதுரைக்காரர், கூலவாணிகர். நாள் முழுக்கத் தானியம் அளந்து பிழைத்த மனுஷர் எழுதியது, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைப் பற்றி. அதை ஆபுத்திரனுக்குச் சிந்தாதேவி கொடுத்ததும் மதுரையில்தான். பிறகு நல்ல மழை பெய்து, நாடு செழித்து, சோறு கேட்க ஆளில்லாமல் போகிறது. பாத்திரம் நிறைந்திருக்க வாங்கக் கை இல்லை. கடைசியில் ஆபுத்திரன் மணிபல்லவத் தீவில் அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் உயிர்விடுகிறான். எனக்கு ஞாபகம் இருக்கிற வரையில் கதை அப்படி. குறையாத பாத்திரத்தை வைத்திருந்தவனுக்குக் கொடுக்க முடியாமல் போயிற்று. சாயங்காலம் கவிழ்த்து வைக்கிற பாத்திரத்தை வைத்திருப்பவர் தினமும் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். இதை எந்தப் பக்கம் வைத்துப் பார்ப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை.

இன்னொன்றும் பிடிபடவில்லை. எங்கள் வீட்டுக்கு இப்போது 20 லிட்டர் கேனில் தண்ணீர் வருகிறது, காசு கொடுக்கிறோம். லேயில் விடுதிகள் ஆழ்துளைக் கிணறு போட்டு எடுக்கின்றன, அங்கேயும் காசு கொடுக்கிறோம். காசு கொடுத்ததால் அது அப்பத்தாவின் நெல்லைப்போல நம்முடையதாகிவிடுமா, இல்லை கண்மாய்த் தண்ணீராகவே இருக்குமா? கண்மாய்த் தண்ணீர்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் காசு கொடுத்த கையோடு அதை முழு மனசாகச் சொல்ல முடியவில்லை.

பள்ளி விடுமுறையில் லேக்குப் போகிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லலாம். விடுதியில் ஷவரைத் திறக்காதீர்கள். ஒரு வாளி வெந்நீர் கேளுங்கள், கொடுப்பார்கள்; அது போதும்.