பழையது என்று யார் சொல்வது?

‘அவதார்: தி வே ஆஃப் வாட்டர்’ 2022 டிசம்பர் 6ஆம் தேதி லண்டனில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. பத்து நாள் கழித்து, டிசம்பர் 16இல், உலகம் முழுக்க வெளியானது. தமிழ் பேசியும் வந்தது. அந்தப் பத்து நாளிலும் அதற்கடுத்த வாரத்திலும் படத்தைப் பற்றி எழுதினவர்கள், பேசினவர்கள் சொன்னதையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான் மிஞ்சுகிறது: காட்சி பிரமாதம், கதைதான் பழசு. இங்கிலீஷ் பத்திரிகை விமர்சகர் இதைக் கொஞ்சம் நாசூக்காகச் சொன்னார். நம்மூர் தியேட்டரை விட்டு வெளியே வந்த இளவட்டம், “கண்ணுக்கு விருந்துங்க, கதைன்னு பாத்தா ஒண்ணுமில்ல, போன படத்துல வந்ததேதான்” என்றது. ரெண்டும் ஒன்றுதான். இந்த வாக்கியத்தின் பின்பாதி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

முன்பாதியில் எனக்குத் தகராறு கிடையாது. முதல் படம் 2009இல் வந்தது; அடுத்ததற்குப் பதின்மூன்று வருஷம் எடுத்துக்கொண்டார் ஜேம்ஸ் கேமரூன். நடிகர்களைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கடியிலேயே நடிக்க வைத்து, அந்த அசைவுகளைப் பதிவு செய்து நீல உடம்பாக மாற்றியிருக்கிறார்கள். கேட் வின்ஸ்லெட் ஏழு நிமிடத்துக்கு மேல் மூச்சடக்கப் பழகினாராம். 192 நிமிடப் படத்தில் அந்தக் கடல் வருகிற நேரமெல்லாம் நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். சேரிக்காரன் ஓர் அழகைப் பார்த்து வாய்பிளந்தால் அரசியல் கெட்டுப்போகும் என்று நினைக்கிற தோழர்கள் சிலர் நம்மிடம் உண்டு. அவர்களோடு எனக்கு ஒட்டாது.

பழசு என்று சொல்லப்படுகிற கதை என்ன? அடுத்தவர் மண்ணுக்கு மிஷினோடும் துப்பாக்கியோடும் வந்து இறங்குகிறார்கள். இருக்கிறவர்களை விரட்டுகிறார்கள். முதல் படத்தில் தரைக்கடியில் கிடக்கிற கனிமத்துக்காக. இரண்டாவதில் காட்டை விட்டு ஓடிவந்த ஒரு குடும்பம் கடற்கரைச் சனங்களிடம் அடைக்கலம் கேட்கிறது. அங்கேயும் துரத்தி வருகிறார்கள். போதாததற்கு துல்குன் என்கிற திமிங்கலம் போன்ற உயிரைக் கொன்று அதன் மூளையிலிருந்து ஒரு திரவத்தை எடுக்கிறார்கள். மனிதனுக்கு மூப்பு வராமல் நிறுத்துகிற திரவம். அதற்குப் படத்தில் வைத்திருக்கிற பெயர் அம்ரிதா. பாற்கடலைக் கடைந்த கதையில் பாம்பைப் பிடித்து இழுத்தது யார், அமிர்தத்தைக் குடித்தது யார், ஏமாற்றப்பட்டது யார் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். படத்தின் பெயரே அவதாரம். 1956இல் நாகபுரியில் அம்பேத்கர் தம் மக்களோடு எடுத்துக்கொண்ட இருபத்திரண்டு உறுதிமொழிகளில் அவதாரத்தை நம்பமாட்டேன் என்பதும் ஒன்று. தெரிந்து வைத்தாரோ தெரியாமல் வைத்தாரோ, கேமரூன் கடன் வாங்கின இரண்டு சொல்லும் நமக்குச் சுடுகிற சொற்கள்.

இருக்கட்டும். என் கேள்வி வேறு. அலுப்பு என்பது வெறும் உணர்ச்சிதானா, அதில் நியாயம் அநியாயம் உண்டா? பசிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதில் சரி தப்பு பார்க்க முடியாது. அலுக்கிறது என்று சொன்னால் பார்க்கலாம், பார்க்க வேண்டும் என்றே எனக்குப் படுகிறது. நடவு முடிந்து கூலிக்கு நிற்கிற பெண் நாலாம் நாளும் அதையேதான் கேட்பாள். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர், “சும்மா நொய்நொய்னு அதையே கேட்டுக்கிட்டு நிக்காத, வேற பேச்சு இல்லியா ஒனக்கு” என்பார். ரெண்டு பேரும் நாலு நாளாக ஒரே பேச்சைத்தான் கேட்டிருக்கிறார்கள். அவருக்கு அலுப்பு. அவளுக்குக் களைப்பு. அலுத்தவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். அவள் ஐந்தாம் நாளும் வந்தாக வேண்டும், கூலி வரவில்லையே. எழுந்துபோகிற வசதி இருக்கிறவருக்கு மட்டுமே வாய்க்கிற ஓர் உணர்ச்சியை எல்லாருக்கும் பொதுவான ரசனை என்று சொன்னால் எப்படி?

தலித் எழுத்துக்கும் இதே தீர்ப்புதான் எழுதப்பட்டது. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. அதன் பின்னே ஒவ்வொருவராக எழுத வந்தார்கள். பத்து வருஷம்கூடப் பொறுக்கவில்லை. ஓர் இலக்கியக் கூட்டத்தில், பேர் சொல்ல விருப்பமில்லை, பெரிய மனிதர் ஒருவர் வெற்றிலையை மென்றுகொண்டே, “எத்தன தடவதாம்பா இதையே எழுதுவீங்க? தனி டம்ளர், செருப்பு, சுடுகாட்டுப் பாதை... அடுத்த கட்டத்துக்குப் போங்க” என்றார். தனி டம்ளர் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டதா என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. காதலன் வராமல் காத்திருக்கிற பெண்ணை இரண்டாயிரம் வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அது மரபு. செத்தவரைத் தூக்கிக்கொண்டு போகப் பாதை கேட்பதை இருபது வருஷம் எழுதினால் அது புலம்பல்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, நேர்மையானதும்கூட. விமர்சகர் அநியாயத்தை அலுப்பு என்று சொல்லவில்லை, ஒரு சினிமாவின் கட்டுமானத்தைத்தான் சொல்கிறார். நல்ல விஷயத்தைச் சொல்கிறது என்பதற்காக மோசமான திரைக்கதையை மெச்ச முடியுமா என்பார்கள். முடியாதுதான். இந்தப் படத்தில் பிள்ளைகளை வில்லன் பிடித்துக்கொண்டு போவதும் அப்பன் மீட்கப் போவதுமாக ஒரே வித்தை மூன்று தடவை வருகிறது. முதல் படத்தில் செத்த கர்னலையே வேறு உடம்பில் உயிர்ப்பித்துக் கொண்டுவருகிறார்கள். இதெல்லாம் சோம்பேறித்தனம். ஆனால் வந்த கருத்துக்களை நிதானமாகப் படித்துப் பாருங்கள். திரைக்கதையின் முடிச்சைச் சொல்கிறவர்கள் குறைவு. பூர்வகுடி, நில அபகரிப்பு, காலனியம் என்கிற விஷயத்தையே ‘பார்த்துப் பார்த்துப் புளித்த சமாச்சாரம்’ என்று ஒதுக்குகிறவர்கள்தான் அதிகம். படத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. குடும்பத்தின் கடைக்குட்டி டுக், கப்பலில் கட்டப்பட்டுக் கிடக்கும்போது, மறுபடியும் கட்டிப்போட்டுட்டாங்களே என்று நொந்துகொள்வாள். தியேட்டரில் எல்லாரும் சிரித்தோம். அவளும் இதே கதை திரும்ப வருகிறது என்றுதான் சொல்கிறாள். ஆனால் கட்டு அவள் கையில் இருக்கிறது.

பழசு என்று தள்ளினதால் என்ன நஷ்டம் என்றால், படத்தில் மெய்யாகவே யோசிக்க வேண்டிய இரண்டு இடங்கள் முதல் வாரப் பேச்சில் காணாமலே போயின.

ஒன்று, விரல். நாவி இனத்துக்குக் கையில் நாலு விரல். மனிதனாக இருந்து நாவி உடம்புக்கு மாறின ஜேக்குக்கு ஐந்து. அவன் பிள்ளைகளில் லோவாக்குக்கும், வளர்ப்புப் பெண் கிரிக்கும் ஐந்து. அடைக்கலம் கேட்டு வந்த அன்றே கடற்கரைக் குலத்தின் தலைவி ரோனல் அந்தக் கையைப் பிடித்துக் காட்டி, இதுகளுக்குப் பேய் ரத்தம் என்கிறாள். நாளைக்கு அவளும் விரட்டப்படப் போகிறவள்தான். ஆனாலும் இன்றைக்கு விரலை எண்ணுகிறாள். படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னதை விளங்கவைக்க நாம் மணிக்கணக்காகக் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். இங்கே ஒரு நிமிடத்தில் கைவிரலில் வந்து நிற்கிறது. ‘பூர்வகுடி என்றால் எல்லாரும் நல்லவர்கள்’ என்கிற மேட்டிமைக் கருணை இந்த ஒரு காட்சியில் உடைகிறது. நம் சேரிகளுக்குள்ளேயும் விரல் எண்ணுகிறவர்கள் இல்லையா?

இரண்டாவது, பயகான். அது ஒரு துல்குன். தன் தாயைக் கொன்ற வேட்டைக் கப்பலை எதிர்த்துப் போனது. துல்குன் இனத்தின் சட்டப்படி யாரும் யாரையும் கொல்லக் கூடாது, பதிலுக்கும் கொல்லக் கூடாது. கொலை கொலையைத்தான் வளர்க்கும் என்பது அவர்கள் தர்மம். பயகான் அதை மீறிவிட்டது, தன்னோடு வந்தவர்கள் சாகக் காரணமாயிற்று என்று இனத்தை விட்டே தள்ளிவைத்துவிட்டார்கள். துடுப்பில் குத்தின ஈட்டியோடு தனியாகத் திரிகிறது. அந்த ஈட்டியைப் பிடுங்குகிறவன் ஐந்து விரல் லோவாக். ஊர்விலக்கம் பெற்றவனுக்குப் பேய் ரத்தக்காரன் சிநேகிதன்.

அடித்தவனைத் தண்டிக்க முடியாத ஒரு தர்மம், திருப்பி அடித்தவனை மட்டும் விலக்கி வைக்கிறது. அந்த அகிம்சையால் யாருக்கு லாபம்? வேட்டைக்காரனுக்குத்தான், அது திருப்பித் தாக்காது என்று தெரிந்துதான் அவன் கப்பலை ஓட்டிக்கொண்டு வருகிறான். அதே நேரத்தில், கொலை வேண்டாம் என்று ஓர் இனம் தனக்குத்தானே விதித்துக்கொண்ட கட்டுப்பாட்டை நான் லேசில் தூக்கி எறிய மாட்டேன். பௌத்தத்தை நம் சொத்தென்று பேசுகிறவர்கள் நாம். ஆகவே இது சுலபமான வழக்கில்லை. நாம் உட்கார்ந்து சண்டை போட வேண்டிய விவகாரம். கடைசிச் சண்டையில் பயகான் கப்பலில் பாயும்போது தியேட்டரில் விசில் பறந்தது. ஆனால் படம் முடிகிற வரைக்கும் அதைத் திரும்பக் குலத்தில் சேர்த்துக்கொண்டதாக ஒரு காட்சி இல்லை. விசிலடித்தவர்களும் கேட்கவில்லை, விமர்சகர்களும் கேட்கவில்லை. திமிங்கலக் காட்சிகள் கண்கொள்ளாதவை என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

வேறு மாதிரியான ஓர் எதிர்வினையும் அந்த வாரத்திலேயே வந்தது. அமெரிக்கப் பூர்வகுடிகளில் சிலர் படத்தைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். எங்கள் கதையை எடுத்து, எங்கள் சாயலை நீல உடம்புக்குப் பூசி, முக்கியமான பாத்திரங்களைப் பெரும்பாலும் மற்றவர்களுக்கே கொடுத்திருக்கிறார்கள் என்றார்கள். தலைவன் டோனோவாரியாக நடித்த கிளிஃப் கர்டிஸ் மாவோரி இனத்தவர், அப்படிப்பட்டவர்கள் சொற்பம். கூடவே கேமரூன் 2010இல் சொன்ன ஒன்றையும் எடுத்துப் போட்டார்கள். அப்போது அவர் பிரேசிலில் ஷிங்கு நதியில் பெலோ மோன்ட் அணையை எதிர்த்த பழங்குடிகளோடு நின்றார். நல்ல காரியம். ஆனால் லகோடா மக்களைப் பற்றிப் பேசும்போது, தங்கள் பிள்ளைகள் பின்னாளில் தற்கொலை செய்துகொள்ளப் போவதை அன்றைக்கே பார்த்திருந்தால் அவர்கள் இன்னும் கடுமையாகப் போராடியிருப்பார்கள் என்கிற பொருளில் சொல்லிவைத்தார். 1868இல் ஒப்பந்தம் போட்டு, தங்கம் கிடைத்ததும் அதை மீறி, 1877இல் கருங்குன்றுகளைப் பிடுங்கிக்கொண்டது அமெரிக்க அரசு. 1876இல் கஸ்டரின் படையைத் தோற்கடித்தவர்கள் லகோடாக்களும் அவர்களுடைய கூட்டாளிகளும். 1890 டிசம்பரில் வூண்டட் நீயில் பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இதற்கு மேல் என்ன கடுமையாகப் போராடுவது? 1980இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அந்த மலைக்கு நஷ்டஈடாகப் பத்துக் கோடி டாலருக்கு மேல் தரச் சொன்னது. பணம் வேண்டாம், மலையைக் கொடு என்று வாங்க மறுத்துவிட்டார்கள். வட்டியோடு அது நூறு கோடி டாலரைத் தாண்டியும் வாங்கவில்லை. கேமரூன் அவர்களை முடிந்துபோன கதையாகப் பார்க்கிறார். அவருடைய படத்தைப் பழைய கதை என்கிற விமர்சகருக்கும் அவருக்கும் இந்த விஷயத்தில் அதிக தூரமில்லை.

இந்தியாவிலும் முதல் படத்துக்கு ஒரு பதில் போனது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்ட வேதாந்தா கம்பெனி நின்றபோது, அங்கே வாழ்கிற டோங்ரியா கோண்டு மக்களுக்காக 2010இல் சர்வைவல் இன்டர்நேஷனல் அமைப்பு ஹாலிவுட்டின் ‘வெரைட்டி’ பத்திரிகையில் கேமரூனுக்கு வேண்டுகோள் விளம்பரம் கொடுத்தது. பத்திரிகைகள் அவர்களை ‘நிஜ அவதார் மக்கள்’ என்று எழுதின. சினிமாவைக் காட்டித்தான் அவர்களை உலகத்துக்கு அடையாளம் சொல்ல வேண்டியிருந்தது. அது ஒரு கேவலம், ஆனாலும் பிரயோசனப்பட்டது. 2013இல் உச்சநீதிமன்றம் கிராம சபைகளைக் கேட்கச் சொன்னது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் ஒரே பதிலைத்தான் சொன்னன. இதையே பன்னிரண்டு தடவை சொல்கிறார்களே என்று யாரும் அலுத்துக்கொள்ளவில்லை. ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொன்னதால்தான் மலை நின்றது.

‘தண்ணீரின் வழி’ என்று பெயர் வைத்த அந்தப் படம் நம் தியேட்டர்களில் ஓடிக்கொண்டிருந்த பதினோராம் நாள், 2022 டிசம்பர் 26இல், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் சனங்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலந்திருப்பது தெரியவந்தது. பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போய் மருத்துவமனைக்குக் கொண்டுபோன பிறகுதான் தெரிந்தது. ஒரு மாதம் எல்லாரும் பேசினார்கள். அப்புறம் வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது, டி.என்.ஏ. சோதனை என்றார்கள், மாதங்கள் போயின, வருஷங்கள் போயின. 2025 ஜனவரியில், அந்தத் தண்ணீரைக் குடித்த சேரியைச் சேர்ந்த மூன்று பேர்மீதே குற்றப்பத்திரிகை போட்டார்கள். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு பத்திரிகை நண்பரிடம் பேசினேன். “அதா... அது பழைய மேட்டராச்சே தோழர், புதுசா ஏதாச்சும் இருக்கா?” என்றார். ஊர்க்காரர்கள் அந்தக் குற்றப்பத்திரிகையை ஏற்கவில்லை. சி.பி.ஐ. விசாரணை வேண்டும் என்று கேட்டார்கள்.