இரும்புக்கையும் அலுமினியக் கம்பியும்

பாகூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பட்டறைப் பரணில், எரிந்துபோன செம்புக் கம்பி மூட்டைக்குப் பின்னால், ஒரு தகரப் பெட்டி நிறைய முத்து காமிக்ஸ். வீட்டில் இரண்டு முறை பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டாயிற்று. பெட்டி அசையவில்லை.

பிறந்தது வில்லியனூர். திருக்காமீசுவரர் கோயில் எங்கள் தெருவுக்குக் கூப்பிடு தூரம். 1972ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது ‘இரும்புக்கை மாயாவி’. பல கை மாறி என்னிடம் வந்தபோது அதற்கு அட்டையில்லை. அதன் நாயகன் லூயி கிராண்டேல் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும். அந்தக் கை மட்டும் மறையாது, அந்தரத்தில் மிதக்கும். 1962ல் லண்டன் வார இதழான ‘வேலியண்ட்’டில் தொடங்கிய தொடர். வரைந்த ஜீசஸ் பிளாஸ்கோ ஸ்பெயின்காரர். அதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு மாயாவி சிவகாசிக்காரர் என்றே நினைத்திருந்தேன்.

அப்பா சைவ சித்தாந்த வகுப்புக்குப் போய்வந்தவர். லிங்கம் அருவுருவம் என்பார்: முழு உருவமும் இல்லை, வெறும் அருவமும் இல்லை, நடுவில் நிற்பது. “மாயாவியும் அருவுருவம்தானேப்பா?” என்று கேட்டேன். முதுகில் ஒன்று விழுந்தது. இப்போது யோசித்தால் கேள்வியில் தப்பில்லை என்றுதான் படுகிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சாமி நமக்கு இரங்கித் தன்னைக் காட்டிக்கொள்கிறது. மாயாவி மறையத்தான் பார்க்கிறான். கை விடமாட்டேன் என்கிறது.

பலருக்கு மறந்துபோன ஒரு சங்கதி, மாயாவி தொடக்கத்தில் திருடன். உடம்பு மறைந்ததும் அவனுக்கு முதலில் தோன்றியது கொள்ளைதான். கிரேக்கத்துப் பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில் ஒரு மேய்ப்பன் வருகிறான். விரலில் மோதிரத்தைத் திருகினால் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். அவன் அரசியைச் சேர்த்துக்கொண்டு அரசனைக் கொன்றான். யாரும் பார்க்கவில்லை என்றால் யார்தான் ஒழுங்காக இருப்பான் என்று கேட்கிற கதை அது. கூடாவொழுக்கம் அதிகாரத்தில் வள்ளுவர் சாட்சியை வெளியே தேடுவதில்லை. வஞ்சகனின் உடம்புக்குள் இருக்கிற ஐந்து பூதங்களே அவனைப் பார்த்துச் சிரிக்கும் என்கிறார். மாயாவி மறைந்து நிற்கும்போதும் அந்த ஐந்தும் அங்கேதானே இருக்கின்றன?

தொடர் நீண்டது. வாசகர்களுக்கு மாயாவியைப் பிடித்துவிட்டது. பிறகு அவனைத் திருடனாக வைத்திருக்க முடியுமா? விபத்தில் புத்தி பேதலித்துப்போயிருந்தது என்று பழையதைத் துடைத்து, ரகசிய உளவுப்படையில் சேர்த்துவிட்டார்கள். இந்த இடத்தில்தான் எனக்கு ஒப்பவில்லை. கரண்டுக்குப் பாவ புண்ணியம் தெரியாது. ஒரே லைன்தான் மின்விசிறியைச் சுற்றுகிறது, இஸ்திரிப் பெட்டியைச் சுடவைக்கிறது, இன்சுலேஷன் போன காயிலை எரிக்கிறது. ஒரே வெயிலில் தாமரை விரிகிறது, ஆம்பல் கூம்புகிறது. வெயிலின் மேல் வழக்குப் போட முடியுமா? உயிரைப் பிடித்த ஆணவம் உயிரோடேயே இருப்பது என்பார் அப்பா. ஷாக் அடித்து உண்டானதில்லை. ஷாக் அவன் உடம்பைத்தான் மறைத்தது.

இவ்வளவு பேசுகிற நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

காயில் கட்டுவது மறைந்து செய்கிற வேலை. ஸ்லாட்டில் கம்பியை இறக்கி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, மூடியைப் போட்டு போல்ட்டை முறுக்கிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று கொண்டுவந்தவருக்குத் தெரியாது. கடை போட்ட புதிதில், கடன் கழுத்தை நெரித்த ஒரு மாதம், ஐந்து ஹெச்.பி. மோட்டார் ஒன்றுக்கு அலுமினியக் கம்பி கட்டிவிட்டு செம்புக்கு உண்டான காசை வாங்கினேன். ராத்திரி வேலை, ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. தூக்கிவைத்தபோது மோட்டார் எடை குறைந்திருந்தது என் கைக்குத் தெரிந்தது.

சம்பா பால் பிடிக்கிற நேரம் மோட்டார் எரிந்தது. மோட்டாருக்குச் சொந்தக்காரப் பெரியவர் அதை டிவிஎஸ் 50ல் கட்டி எடுத்துவந்தார். கோபமே இல்லை.

“ஏம்ப்பா, உன் கை பட்ட மோட்டாரு... எப்பிடிப்பா போச்சி?”

அந்தரத்தில் மிதக்கிற அந்த இரும்புக்கைதான் என் கண்முன் வந்தது. வாயில் வந்தது வேறு.

“லோ வோல்டேஜுங்க பெரியவரே. கரண்டு செஞ்ச வேல.”

அன்று ராத்திரியே செம்பு கட்டினேன். கூலி வேண்டாம் என்றேன். “இன்னாப்பா, உனக்கும் பொழப்பு இல்லியா?” என்று பாதிக் கூலியைச் சட்டைப் பையில் திணித்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவர் சொல்லி ஏரிப் பாசனத்துக் கழனிக்காரர்கள் நாலைந்து பேர் என்னிடம் வர ஆரம்பித்தார்கள்.

இன்றைக்கும் வருகிறார்கள். நேற்றுகூட ஒரு மோட்டார் வந்து இறங்கியிருக்கிறது.