ஆசுவாசமும் திசையும்

தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் கோடையில் ஜனங்கள் காத்திருப்பது மழைக்காக அல்ல, காற்று திரும்புவதற்காக. கண்டத்தின் நடுப்பாலையிலிருந்து வடக்குக் காற்று நாள் கணக்கில் அனலைக் கொண்டுவந்து கொட்டும். பிறகு தென்மேற்கே கடல்மேலிருந்து குளிர்காற்றின் முகப்பு ஒன்று கரையேறும். சிறிது நேரத்துக்குள் பத்து, பதினைந்து டிகிரி இறங்கிவிடுவதுண்டு. மெல்பர்ன் நகரத்தார் இதைக் 'கூல் சேஞ்ச்' என்கிறார்கள். பல சமயம் ஒரு துளி மழைகூட இல்லாமல் வருகிற குளிர்ச்சி இது. குளிர்ச்சியையும் மழையையும் சேர்த்தே நினைத்துப் பழகிய நமக்குக் கொஞ்சம் விநோதம்தான்.

அப்போது உண்டாகும் ஆசுவாசம் உடம்பின் விஷயம். அதில் தார்மீகப் பிரச்னை என்ன இருக்கமுடியும் என்று கேட்கலாம். 2009 பிப்ரவரி 7 அன்று நடந்ததைப் பார்த்தால் அவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட முடியாது.

அன்று மெல்பர்னில் வெப்பம் 46.4 டிகிரி செல்சியஸ். அந்த நகரத்தின் பதிவுகளிலேயே உச்சம். வடக்கே கில்மோர் ஈஸ்டில் பகலில் பற்றிய தீ வடமேற்குக் காற்றோடு தென்கிழக்காக ஓடியது. இப்படி ஓடுகிற தீ நீண்டு ஒடுங்கியிருக்கும். ஆபத்து அதன் முனையில். மாலையில் குளிர்முகப்பு கடந்து காற்று தென்மேற்கிலிருந்து அடித்ததும் பல கிலோமீட்டர் நீளமுள்ள அதன் விலாப்புறம் முழுவதும் முனையாகிவிட்டது. நகரத்துக்கு வடகிழக்கே சுமார் 50 கிலோமீட்டரில் உள்ள கிங்லேக் பகுதியில் அந்த மாலையில் பலர் மாண்டார்கள். வேறொரு தீ முதலில் மேரிஸ்வில் ஊரைத் தொடாமல் விலகிப் போயிற்று. காற்று திரும்பியதும் ஊருக்குள் வந்தது. விக்டோரியா மாநிலம் முழுவதிலுமாக 173 பேர் இறந்தார்கள். நகரத்தில் ஜன்னல்களைத் திறந்துவிட வைத்த அதே காற்று.

புதிய விஷயமும் அல்ல. 1983 பிப்ரவரி 16இன் தீயில் விக்டோரியாவிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலுமாக 75 பேர் இறந்தார்கள். அப்பர் பீக்கன்ஸ்ஃபீல்டில் சிக்கிக்கொண்ட 12 தொண்டர் தீயணைப்பு வீரர்களைக் கொன்றதும் திரும்பிய காற்றுதான்.

லுக்ரீஷியஸ் கரையில் நிற்பவனைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். கடலில் தத்தளிப்பவனைப் பார்க்கும்போது வரும் இன்பம் பிறர் துன்பத்தால் அல்ல, அது தனக்கு நேரவில்லை என்பதால் என்று சமாதானமும் சொல்கிறான். இந்தச் சமாதானம் மெல்பர்ன் மாலைக்குப் போதாது. அவனுடைய பார்வையாளனுக்குப் புயல் எதையும் கொடுக்கவில்லை. அவன் வெறுமனே தப்பியிருக்கிறான். இங்கே ஒருவனைக் குளிர்வித்ததும் மற்றவனை எரித்ததும் ஒன்றே.

அதனால் நகரத்தான் குற்ற உணர்வு கொள்ளவேண்டும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நம் எழுத்தாளர்களிடம் இந்த மலிவான குற்ற உணர்வு நிறையவே உண்டு. யாருக்கும் ஒரு வாளித் தண்ணீர்கூட அது கொண்டுபோனதில்லை. தவிரவும், ஜனவரி 28, 29, 30 மூன்று நாளும் மெல்பர்னில் 43 டிகிரியைத் தாண்டிய வெயில் அடித்தது. அந்த வாரத்தில் விக்டோரியாவில் வழக்கத்தைவிட 374 பேர் அதிகமாக இறந்தார்கள் என்று மாநிலச் சுகாதாரத் துறை கணக்கிட்டது. தீயில் மாண்டவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பெரும்பாலோர் வயதானவர்கள். புகையில்லை, புகைப்படமில்லை. இவர்களுக்குக் குளிர்காற்று சீக்கிரம் வந்திருந்தால் உயிர். அதை எப்படிப் பழிப்பது?

பிரச்னை வேறிடத்தில் இருக்கிறது. அந்த மூன்று நாளுக்குப் பிறகு நகரம் ஒரு வாரம் நாற்பதைத் தொடவில்லை. தோல் குளிர்ந்தது. ஏற்கெனவே நீண்ட வறட்சியில் இருந்த காடு அந்த மூன்று நாளில் இன்னும் காய்ந்து, காய்ந்தபடியே நின்றது. "முடிந்தது" என்று சொல்வது தோல். தன் குளிர்ச்சியை அது அடுத்த வாரத்துக்கும் அடுத்த பள்ளத்தாக்குக்கும் சேர்த்தே அறிவித்துவிடுகிறது. கால விஷயத்தில் செய்யும் இந்தப் பிழையும் இட விஷயத்தில் செய்வதும் வேறுவேறல்ல என்றே எனக்குப் படுகிறது. நாளையை மறப்பவனும் கிங்லேக்கை மறப்பவனும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள்: தன் உடம்பைப் பிரதேசம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இதற்கு எதிரான மொழி கவிதையில் இருக்குமென்று நாம் நம்ப விரும்புவோம். நான் அதைப் பார்ப்பது வானிலை ஆய்வகத்தின் பருவ முன்னோக்கில். வரும் மூன்று மாதங்களில் பகல் வெப்பம் இடைநிலை அளவை, அதாவது பழைய கோடைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் விழும் அளவை, மீறும் வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று அது சொல்லும். வறண்ட வாக்கியம். யாருடைய தோலையும் சாராத வாக்கியம். நேற்றுக் காற்று திரும்பியதா, நீ நன்றாகத் தூங்கினாயா என்பதெல்லாம் அதற்குப் பொருட்டில்லை. அதன் குறையும் இதிலேயே உண்டு. வங்கியில் வாராக்கடன் விகிதங்களோடு உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியும்: விகிதம் மிகச் சரியாக இருக்கும்போதே ஒரு குறிப்பிட்ட மனிதன் முழுதாக முழுகிப்போயிருப்பான். 2008-09 எல் நினோ கோடைகூட அல்ல. மூன்று மாதச் சதவீதத்துக்குள் ஒரு பிப்ரவரி 7 தெரியாது.

ஆனால் அந்த நாளைப் பற்றி ஆய்வகம் பல நாள் முன்பே எச்சரித்திருந்தது. காற்று திரும்பும் என்பதும் அறிவிப்பில் இருந்தது. அந்தச் செய்தியையே நகரத்தில் நல்ல செய்தியாகக் கேட்டவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். கேட்டது சரிதான், அவர்கள் வீட்டுக்கு அது நல்ல செய்திதான். இன்று அங்கே வெளியாகும் தீ எச்சரிக்கைகளில் காற்று எப்போது, எந்தத் திசைக்குத் திரும்பும் என்பது ஆபத்தின் பகுதியாகவே சொல்லப்படுகிறது. எத்தனை டிகிரி குறையும் என்பதைத் தேடுகிறவன் அந்த வரியைத் தாண்டித்தான் போகவேண்டும்.