வாளிக்குள் ஒரு மீன்



இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் கொல்லாமையே தலையாயது. ஏனைய நான்கும் அதனைக் காக்கும் வேலிகள். அவ்விரதத்தைக் கையால் மட்டும் காத்தால் நிறைவுறாது. மனம், மொழி, மெய் என்னும் மூன்றினாலும், செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூவகையாலும் காத்தல் வேண்டும். இதனை நாம் அனைவரும் சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். எனினும் காலந்தோறும் புதிய புதிய சோதனைகள் வந்து அவ்விரதத்தின் வாயிலைத் தட்டுகின்றன.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து தொழிற்சாலைப் பணியின் பொருட்டுப் படப்பை, ஒரகடம் வட்டாரத்தில் குடியேறிய குடும்பங்களில், தந்தையார் இரவு முறைக்குச் சென்றபின் கைப்பேசியே பிள்ளைகளுக்குத் துணை. அதில் அவர்கள் விரும்பி ஆடுவது 'மைன்கிராஃப்ட்' என்னும் ஆட்டம். சுவீடன் நாட்டில் உருவாகி 2011-ஆம் ஆண்டு முழுமை பெற்றது. கட்டை கட்டையாக அடுக்கித் தமக்கென ஓர் உலகத்தையே ஆக்கிக்கொள்ளலாம். 2018-இல் அவ்வுலகின் கடலுக்குள் மீன்களும் பவளங்களும் ஆமைகளும் ஓங்கில்களும் வந்து சேர்ந்தன. நீர் நிறைந்த வாளியை மீனின்மேல் வைத்தால் மீன் வாளிக்குள் வந்துவிடும். பெட்டிக்குள் அடுக்கி எத்தனை நாளும் வைத்திருக்கலாம். 2021-இல் 'ஆக்சலாட்டல்' என்னும் நீர்ப்பிராணியும் வந்தது. அதனை இனம்பெருக்க வேண்டுமாயின் வேறொரு மீனை வாளியோடு இரையாகக் கொடுத்தல் வேண்டும்.

"டீச்சரம்மா, பையன் நாள் முழுதும் மீன் பிடித்து அடைத்து வைக்கிறான். இது பாவமா?" என்று ஓர் அன்னையார் நம்மிடம் வினவினார். தந்தையார் கைப்பேசியைப் பிடுங்கி ஒளித்துவிட்டாராம். பாட்டியாரோ, "பொம்மைதானே, விடு" என்றாராம். சிறுவன் இரண்டு நாளாக எவரோடும் பேசவில்லையாம். இவ்வினாவை நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது.

முதலில் ஒன்றைத் தெளிவோம். திரையில் நீந்தும் மீனுக்கு உயிரில்லை. அது ஒளியும் நிறமுமாகிய புற்கலம். அஃது இறப்பதுமில்லை, துன்புறுவதுமில்லை. ஆகவே அங்கே திரவியஹிம்சை இல்லை. பாட்டியார் கூற்று இம்மட்டில் மெய்யே. ஆனால் பாவஹிம்சை என்று ஒன்று உண்டன்றோ? அதன் இருப்பிடம் திரையன்று, ஆடுவோன் நெஞ்சம்.

தண்டுல மீனின் கதையை நினைவு கூர்வோம். சுயம்புரமணக் கடலில் மலைபோன்ற பெருமீன் ஒன்று வாய் திறந்து உறங்குகிறது. சிறுமீன்கள் அதன் வாய்க்குள் புகுந்து புகுந்து வெளியேறுகின்றன. அதன் செவிக்குள் வாழும் அரிசியளவேயான தண்டுல மீன், "எனக்கு இவ்வுடல் இருந்தால் ஒன்றையும் தப்ப விடேன்" என்று ஓயாது எண்ணுகிறது. ஒரு மீனையும் அது தின்றதில்லை, தின்னவும் இயலாது. ஆயினும் அவ்வெண்ணத்தாலேயே ஏழாம் நரகம் புகுந்தது.

தமிழில் நாம் போற்றும் யசோதர காவியம் கூறுவதும் இதுவே. மன்னன் பலியிட்டது மாவினால் செய்த கோழி. மாவுக்கு உயிரில்லை, வெட்டும் எண்ணத்துக்கு உயிர் இருந்தது. அவனும் அவன் தாயும் மயிலும் நாயுமாக, முள்ளம்பன்றியும் பாம்புமாக, மீனும் முதலையுமாகப் பிறவிதோறும் அல்லலுற்றனர்.

அவ்வாறாயின் அச்சிறுவன் பாவியோ? அன்று. வண்ணம் கண்டு வியந்து சேர்ப்பவன் வேறு. துடிப்பதைக் கண்டு களிப்பவன் வேறு. எது தன் பிள்ளை என அறிய வேண்டியவர் பெற்றோரே. ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதற்பாடம், பிள்ளையின் கையிலிருப்பதைப் பறிக்குமுன் அவன் அருகில் அமர்ந்து கேட்க வேண்டும் என்பது. "இதை எதற்காகப் பிடித்தாய்? நீரை விட்டு வெளியே வந்தால் இது என்ன செய்யும்? இதற்கு யார் உணவிடுவார்?" என்று கேளுங்கள். கடைசி வினாவில்தான் அந்த ஆட்டத்தின் குறை விளங்கும். பெட்டிக்குள் அடைத்த மீனுக்கு அங்கே பசியில்லை, மூச்சுத் திணறலில்லை. பிற உயிரைச் சிறைவைத்தால் யாதொரு துன்பமும் இல்லை என்று அது பிள்ளைக்குச் சொல்லாமல் சொல்கிறது.

நம் அறமோ வேறு சொல்கிறது. கொல்லாமை விரதத்தின் குற்றங்களாக ஐந்தினை நம் ஆசாரியர்கள் வகுத்தனர்: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். கொல்லாவிடினும், கட்டி வைத்தலே முதற்குற்றம்.

இன்று ஆட்டத்தில் வாளி கேட்கும் பிள்ளை, நாளை கொளத்தூர் வண்ணமீன் கடையில் கண்ணாடித் தொட்டி கேட்பான். அங்கே நீந்துவது ஐம்பொறியுடைய மெய்யான உயிர். ஆட்டத்தில் பெருகும் ஆக்சலாட்டலின் மெய்யான வாழிடம் மெக்சிகோ நகரையொட்டிய சோச்சிமில்கோ நீர்நிலை ஒன்றே. 1998-இல் அங்கே ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தன; 2014-இல் 36 மட்டுமே. மாசும், கொண்டுவந்து விடப்பட்ட அயல் மீன்களுமே பெருங்காரணம். நம் கடலிலும் கடற்குதிரையையும் கடலட்டையையும் பிடிப்பது 2001 முதல் சட்டப்படி குற்றம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரக்கத்தால் தொட்டி மீனை வாங்கி மணிமங்கலம் ஏரியிலோ செம்பரம்பாக்கத்திலோ விடுதலும் நல்லறமாகாது. தொட்டியின் பாசியைத் தின்னும் என்று வாங்கி, வளர்ந்தபின் விடப்பட்ட அயல்நாட்டு மீன்கள் தமிழகத்து நீர்நிலைகளில் பெருகி, அங்குள்ள மீன்களை நெருக்குகின்றன. வாங்காதிருத்தலே விடுதலை.

மிருகசேனன் என்னும் வலைஞன், வலையில் முதலில் விழும் மீனை விட்டுவிடுவதாக முனிவரிடம் விரதம் பூண்டான். முதலில் விழுந்த மீனுக்கு அடையாளம் கட்டி விட்டான். அன்று ஐந்து முறையும் அதே மீனே விழுந்தது. ஐந்து முறையும் விட்டான். வெறுங்கையோடு வீடு திரும்பினான். அச்சிறு விரதமே மறுபிறவியில் அவனை ஐந்து முறை சாவினின்று காத்தது.

மிருகசேனனை முனிவர் வெறுத்து ஒதுக்கவில்லை. அவனால் இயன்ற ஒரு விரதத்தை அளித்தார். நம் பிள்ளைகளுக்கும் அவ்வாறே அளிப்போம். நாள் முடிவில் வாளிகளைக் கடலில் கவிழ்த்துவிட்டு உறங்கச் செல்க என்போம். ஆட்டத்திலும் அது ஒரு நொடி வேலையே; மீன் நீந்திப் போய்விடும். பின்னர், அன்று நம்மால் நொந்த உயிர்களை நினைத்து அவனோடு அமர்ந்து பிரதிக்கிரமணம் செய்வோம். இரவுப் பணி முடிந்து வரும் தந்தையார் ஞாயிறன்றேனும் உடன் அமர்வாராக. விடுவிக்கப் பழகிய கை, நாளை மெய்யான உயிரையும் பற்றாது.

எல்லா உயிரும் இன்புறுக! நல்லறம் ஓங்குக!