அழியும் பொருளில் வைக்கும் நம்பிக்கை

மரவேலையோ இரும்பு வேலையோ வீட்டிலேயே செய்துகொள்ளும் பழக்கமுடைய ஒருவர், டிரில் மெஷினோ வட்ட ரம்பமோ வாங்கக் கடைக்குச் செல்லும்போது, விலையை விசாரிப்பதோடு தவறாமல் கேட்கும் கேள்விகள் இரண்டு: ஒன்று, இது எத்தனை வருஷம் உழைக்கும் என்பது, மற்றொன்று, வேலையின் நடுவே காலை வாரிவிடாமல் இருக்குமா என்பது. வியாபார சம்பந்தமான சாதாரணக் கேள்விகளாகவே இவை தோன்றினும், சற்று நின்று சிந்திப்போர்க்கு, நம் சமய நூல்களும் தத்துவ சாஸ்திரங்களும் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்த பெரியதொரு விஷயம் இவற்றினுள் அடங்கியிருப்பது புலனாகும். தோன்றிய பொருள் யாவும் ஒருநாள் அழிந்தே தீரும் என்று ஒப்புக்கொண்ட மனிதன், அவ்வாறு அழியும் பொருளொன்றின்மீது நம்பிக்கை வைப்பது விவேகமா, மயக்கமா என்பதே அவ்விஷயம்.

துறவறவியலில் நிலையாமைக்கென்று தனியே ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவரே, பொருட்பாலில் வினைசெயல்வகையைப் பற்றிக் கூறுமிடத்து, காரியமொன்றைத் தொடங்குமுன் ஐயமற எண்ணிப் பார்க்கவேண்டியவை ஐந்து என்று கணக்கிட்டு, அவற்றுள் கருவியையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். உலகப் பொருள் அநித்தியம் என்று உணர்த்திய அதே பெரியார், கருவியைப் பொருட்படுத்தாமல் காரியத்தில் இறங்காதே என்றும் எச்சரித்தாராயின், நிலையாமையை அறிவதும் கருவியைப் பேணுவதும் ஒன்றுக்கொன்று விரோதமானவை என்று நாம் எண்ணுவதற்கு இடமில்லை.

மின்சார விசைக்கருவிகளின் சரித்திரம் மிகப் பழமையானதன்று. 1889-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஆர்தர் ஜேம்ஸ் ஆர்னாட், வில்லியம் பிளாஞ்ச் பிரெய்ன் என்னும் இருவர் மின்சாரத்தால் துளையிடும் யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றனர். 1895-இல் ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரத்து ஃபைன் தொழிற்சாலையார் கையில் எடுத்துச் செல்லத்தக்க யந்திரத்தைச் செய்தனர். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் தொழில் நடத்திய பிளாக், டெக்கர் என்னும் இருவர், கைத்துப்பாக்கியின் பிடியும் விரலால் அழுத்தும் விசையும் அமைந்த டிரில் மெஷினுக்கு 1917-இல் காப்புரிமை அடைந்தனர்; அவர்களது கம்பெனியே 1946-இல் இல்லத்தார் உபயோகத்துக்கென்று தனிவகைக் கருவிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தொழிற்சாலையிலிருந்து வீட்டுக்கு நிகழ்ந்த இந்தக் குடிபெயர்ச்சியை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். தொழிற்சாலையில் கருவியைக் கழற்றிப் பார்க்கவும், எண்ணெயிடவும், தேய்ந்ததை மாற்றவும் தனியே ஒரு மெக்கானிக் இருந்தார். வீட்டுக்கு வந்த கருவியோடு அவர் வரவில்லை. அவர் செய்துவந்த கடமை யாரைச் சார்ந்தது என்ற வினா அன்று எழுந்தது. இன்னும் தெளிவான விடை பெறாமலேயே இருக்கிறது.

விடையைத் தேடுமுன் கருவியின் உள்ளே ஒருமுறை பார்ப்போம். மின்வயரில் இணைத்து ஓட்டும் டிரில் மெஷினின் உடலுக்குள், நிமிஷத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் ஆர்மேச்சரின் ஒரு முனையில், செப்புப் பட்டைகளை வரிசையாக அடுக்கி உருளையாக்கிய கம்யூட்டேட்டர் என்னும் உறுப்பு உண்டு. அதன் இருபுறமும் ஸ்பிரிங்கினால் அழுத்தப்பட்டு உரசிக்கொண்டே நிற்கும் இரண்டு சிறு கரித்துண்டுகளைத் தொழிலாளர்கள் கார்பன் என்பார்கள். சுழலும் உறுப்புக்கு மின்சாரம் இவற்றின் வழியாகவே செல்கிறது. உரசுகின்ற இரண்டில் ஏதேனும் ஒன்று தேய்ந்தே ஆகவேண்டுமென்பது இயற்கை நியதியாதலால், எளிதில் மாற்றத்தக்கதும் விலை குறைந்ததுமான கார்பனையே தேய்வதற்கென்று மெத்தென்ற பொருளால் செய்து வைத்திருக்கின்றனர். அது நாள்தோறும் சிறிது சிறிதாகத் தூளாகிப் போவதனாலேயே செப்பு உருளை பிழைத்து நிற்கிறது. சிலவகைக் கார்பன்களில் மற்றொரு சிறப்பும் காணலாம்: எல்லைவரை தேய்ந்ததும் உள்ளேயிருக்கும் மின்கடத்தாத சிறு முளை வெளியே தள்ளி, கார்பனைச் செப்பிலிருந்து அகற்றி, யந்திரத்தை நிறுத்திவிடும். தன் ஆயுள் முடிந்தபின் அடுத்த உறுப்புக்குக் கேடு செய்யாமல் விலகிக்கொள்ளும்படி ஒரு கரித்துண்டை அமைத்தவன், நிலையாமையை வெறும் உபதேசமாகக் கேட்டவனல்லன். அதைத் தன் தொழிலின் இலக்கணமாகவே கொண்டவன்.

ஆகவே, கருவியின் நெடுவாழ்வு அழியாத உறுப்புகளால் ஆவதன்று. எது அழியவேண்டும், எப்போது அழியவேண்டும், அழிந்ததை எவ்வாறு மாற்றவேண்டும் என்ற ஒழுங்கினால் ஆவது. பௌத்தர்களின் பாலி நூலாகிய மிலிந்த பஞ்ஹாவில், யவன அரசனாகிய மிலிந்தனிடம் நாகசேனர் என்னும் துறவி, நீ ஏறிவந்த தேர் என்பது அச்சா, சக்கரமா, நுகமா என்று ஒவ்வொன்றாக வினவி, இவற்றுள் எதுவும் தனித்துத் தேராகாது, இவற்றின் சேர்க்கைக்கு உலக வழக்கில் இட்ட பெயரே தேர் என்று தெளிவிக்கிறார். பல வருஷம் உழைத்த டிரில் மெஷினுக்கும் இது பொருந்தும். கார்பன் பலமுறை மாறியிருக்கும். பிடியருகே மடங்கி மடங்கி உள்ளுக்குள் அறுந்துபோன வயர் புதிதாக்கப்பட்டிருக்கும். பேரிங்கும் சுவிட்சும் வேறாகியிருக்கும். ஆர்மேச்சருக்கும் ஒருமுறை காயில் கட்டியிருப்பார்கள். ஆயினும் உடையவர் அதை அதே மெஷின் என்றே சொல்லுகிறார். அவர் சொல்வதில் பிழையில்லை. தொடர்ச்சியே அதன் வாழ்வு. அத்தொடர்ச்சியோ தானாக நிகழ்வதன்று. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் சிரத்தையோடு கழற்றி, துடைத்து, பூட்டியதனால் நிகழ்ந்தது.

அந்த ஒருவர் யார் என்பதைச் சைவ சித்தாந்தம் நமக்குத் தெளிவாகக் காட்டும். குடம் உண்டாவதற்கு மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணன் என்று மூன்றாகப் பகுத்து, இதனைக் கொண்டே உலகத் தோற்றத்தையும் விளக்குவர் சித்தாந்திகள். உளியோ இழைப்புளியோ பிடித்த காலத்தில் இப்பகுப்பை எவரும் மறந்திலர். ஏனெனில் கை ஓய்ந்தால் உளியும் ஓய்ந்தது. விசைக்கருவியோ, விரலால் அழுத்திய மாத்திரத்தில் தானே ஓடுவதனால், துணைக்காரணத்தை நிமித்த காரணமாக மயங்குவதற்கு இடம் கொடுக்கிறது. மெஷின் கைவிட்டுவிட்டது, மெஷின் ஏமாற்றிவிட்டது என்று நாம் அதற்கு ஒரு கர்த்திருத்துவத்தை ஏற்றிப் பேசுவது இம்மயக்கத்தாலேயே. உண்மையில் கருவியின் கடமை ஒன்றே: தன் நிலையை மறைக்காமல் காட்டுவது. கார்பன் குறையும்போது கம்யூட்டேட்டரில் பொறி மிகுகிறது. காயில் சூடேறும்போது வார்னிஷ் கருகும் வாடை எழுகிறது. பேரிங் தளரும்போது ஓசை மாறுகிறது. பாரம் மிகும்போது பிடி சுடுகிறது. இவற்றைக் கண்டும் முகர்ந்தும் கேட்டும் தொட்டும் அறிந்து நடப்பது மனிதனின் கடமை. நம்பகம் என்பது இவ்விருவரின் கடமைகளும் கூடுமிடத்தில் உண்டாகும் ஒரு குணம். கடையில் பெட்டியோடு அதை விற்கமுடியாது.

துளை விரைவில் விழவேண்டுமென்று ஒருவர் உடல் பாரம் முழுவதையும் மெஷின்மீது சாய்த்து அழுத்தும்போது நடப்பதைப் பாருங்கள். ஆர்மேச்சரோடு சேர்ந்து சுழன்று காற்றை இழுக்கும் விசிறி, வேகம் குறைந்ததால் குளிர்விக்கும் சக்தியை இழக்கிறது; அதே சமயத்தில் மோட்டார் இழுக்கும் மின்சாரம் பெருகுகிறது. சூடு பெருகி, குளிர்ச்சி குறைந்து, இரண்டு கேடுகளும் ஒருங்கே வந்து சேருகின்றன. காயிலின் காப்புப்பூச்சு ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரி அதிக உஷ்ணத்துக்கும் தன் ஆயுளில் பாதியை இழக்கும் என்பது மின்பொறியாளர் கைக்கொண்டுள்ள பொதுவிதி. ஆதலின், அனுபவசாலிகள் கூரான பிட்டைப் போட்டு, மெஷினின் போக்குக்கு விட்டு வேலை செய்வார்கள். கடின வேலை முடிந்தபின் பாரமின்றிச் சற்று நேரம் ஓடவிட்டு, சூட்டை ஆற்றியபிறகே கீழே வைப்பார்கள். பொறுமை, அடக்கம், அளவறிதல் என்று அறநூல்கள் மனிதருக்கு விதித்த குணங்கள், செப்புக் கம்பியின் ஆயுளையும் நீட்டுகின்றன என்பது வியப்பன்று. அவசரமும் பேராசையும் எங்கே செலுத்தப்பட்டாலும் வெப்பமாகவே முடிகின்றன.

எல்லாம் அழிவனவாயின், குறைந்த விலைக்கு வாங்கி, கெட்டதும் எறிந்துவிட்டு, வேறொன்று வாங்கிக்கொள்வதில் குற்றமென்ன என்று சிலர் வினவலாம். 1932-இல் அமெரிக்காவில் பெர்னார்டு லண்டன் என்பவர், தொழில் மந்தத்தால் வேலையற்றோர் பெருகியது கண்டு மனம் நொந்து, ஒவ்வொரு பொருளுக்கும் அரசாங்கமே ஆயுள் வரையறுத்து, காலம் முடிந்ததும் அதைத் திரும்பப் பெற்று அழித்துவிட்டால் தொழில் பெருகும் என்று ஒரு சிறு நூலே எழுதினார். அவர் கருணையை நாம் சந்தேகிக்க வேண்டியதில்லை. அவர் முடிபையோ ஏற்பதற்கில்லை. தேய்ந்து முடிவது பொருளின் சுபாவம். தேயாததை மாய்ப்பது மனிதனின் செய்கை. மூப்பும் கொலையும் ஒன்றாகாதது போலவே இவ்விரண்டும் ஒன்றாகா. திருகாணி வைக்கவேண்டிய இடத்தில் பசையிட்டு ஒட்டி, கார்பன் மாற்ற வழியின்றி உடலை மூடி, உதிரி பாகம் கிடைக்காதபடி செய்துவைக்கும் உற்பத்தியாளர், நிலையாமைக்கு அடிபணிகிறவரல்லர்; அதன் பெயரால் தம் கடமையைத் துறக்கிறவர். பெட்டியில் பல வருஷ உத்தரவாதம் அச்சிட்டிருந்தாலும் அக்கருவி நம்பத்தக்கதன்று. ஏனெனில் தொடர்ச்சிக்குரிய வாசல் அதில் அடைக்கப்பட்டுவிட்டது.

உபயோகிக்காமல் பத்திரமாக வைத்திருந்தால் கருவி நிலைக்கும் என்பதும் பொய்யான ஆறுதலே. பெட்டிக்குள் கிடக்கும் மெஷினின் கியரில் இட்ட கிரீஸ் வருஷங்கள் செல்லச் செல்ல இறுகுகிறது. இக்காலத்து வயரில்லாக் கருவிகளின் லித்தியம் பேட்டரி, வேலையே செய்யாவிட்டாலும் நாளடைவில் கொள்ளளவை இழக்கிறது. அதிலும் முழுச் சார்ஜுடன் வெப்பமான இடத்தில் வைத்தால் விரைவாகவே இழக்கிறது. கார்பனே இல்லாத புதுவகை மோட்டார்களில் தேயும் உறுப்பு ஒன்று குறைந்தது உண்மையே. அதற்கு ஈடாக, மோட்டாரை நடத்தும் மின்னணுப் பலகை பழுதானால் வீட்டில் வைத்துச் சரிசெய்ய இயலாமற்போகிறது. அழிவுக்கு வெளியே ஒதுங்கி நிற்கும் இடம் பொருளுலகத்தில் எங்குமில்லை. நமக்கு வாய்த்திருக்கும் சுதந்திரம், எத்தகைய அழிவை ஏற்பது என்று தேர்ந்துகொள்வது ஒன்றே.

நம் நாட்டில் ஆயுத பூஜையன்று பட்டறைகளில் கருவிகளை எல்லாம் துடைத்து, எண்ணெய் பூசி, சந்தன குங்குமமிட்டு வைத்து, அன்று வேலை வாங்காமல் ஓய்வு தந்து, விஜயதசமியன்று மீண்டும் தொழில் தொடங்கும் வழக்கம் உண்டு. இரும்பை வணங்குவதா என்று ஏளனம் செய்வோர் அதன் கருத்தை அறியார். இக்கருவி என்னால் ஆனதன்று, என்னோடு நிலைப்பதன்று, ஆயினும் என் ஜீவனம் இதனால் நடக்கிறது என்று ஒருநாளாவது நினைப்பது, நன்றியும் நிலையாமையுணர்வும் ஒன்றாகக் கலந்த வழிபாடு. அதிலும், பூசைக்குமுன் நடக்கும் துடைப்பும் எண்ணெயிடுதலும் சடங்குக்கு வெளியே நிற்பனவல்ல. அவையே சடங்கின் முதற்பகுதி.

அழியும் பொருளை நம்புவது விவேகமா என்ற வினாவுக்கு நம் விடை இதுதான்: அது அழியாது என்று எண்ணி நம்புவது மயக்கம், அது அழியும் முறையை அறிந்து, நம் பங்கைச் செய்து நம்புவது விவேகம். ஆதலால் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை விசைக்கருவி வாங்கும்போது, கார்பன் மாற்றுவதற்கு வெளியிலிருந்தே திறக்கும் மூடி உண்டா, உடல் திருகாணியால் பூட்டப்பட்டதா, உதிரி பாகங்கள் நம் ஊரில் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள். வாங்கிய பின், வயரைப் பிடுங்கிவிட்டு, காற்றுத்துளைகளில் அடைந்த தூசியை அவ்வப்போது ஊதித் தள்ளுங்கள். கார்பன் எல்லைக்கோட்டுக்குத் தேயுமுன் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இவ்வளவும் செய்கிறவருக்கே தம் கருவியை நம்பும் உரிமை உண்டு.